எச்.டி. யார்டுக்குள் முதல் முறை போகிறவருக்கு

ஐ.டி.ஐ. முடித்து ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் சேர்ந்த முதல் வாரம். எங்கள் ஃபோர்மேன் என்னை எச்.டி. யார்டு (மின்வாரியத்தின் உயர் அழுத்த லைன் வந்து சேரும் வேலியிட்ட இடம்) கேட்டுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தார். "உள்ளே வராதே தம்பி. கரண்ட் எந்த வழியா வருது, எந்த வழியா போகுதுன்னு இங்க இருந்தே பார்த்து வரை. சரியா வரைஞ்சா கதவைத் திறக்கிறேன்" என்றார். மூன்று நாள் ஆனது. முதல் இரண்டு படங்களிலும் ஜெனரேட்டரை வரையவே மறந்திருந்தேன். அது எவ்வளவு பெரிய மறதி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சொந்த டிரான்ஸ்ஃபார்மர் வைத்திருக்கும் மில், ஆலை, ஆஸ்பத்திரி, கல்லூரி எங்காவது புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் பழகியது 11 கே.வி., அதாவது 11,000 வோல்ட் யார்டு. கோவை, திருப்பூர் பக்கம் 22 கே.வி.யும் உண்டு. வேலையின் வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு நேரே போய் வேலை செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். எச்.டி. சாதனத்தை யார் இயக்கலாம் என்று நிர்வாகம் எழுத்தில் பெயர் குறித்து நியமித்திருக்க வேண்டும் என்கின்றன மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகள். உங்கள் பெயர் அந்தப் பட்டியலில் வரும்வரை நீங்கள் உதவியாள். ஆனால் உதவியாளுக்கும் ஒவ்வொரு படியும் தெரிந்திருக்க வேண்டும். ஏதாவது ஒன்று விட்டுப்போனால் "அண்ணே, அது பார்க்கலையே" என்று சொல்லும் இரண்டாவது வாய் அவர்தான்.

லைன் ஆளை இழுக்குமா?

இழுக்காது. ஊரில் எல்லோரும் சொல்வதுதான், "எச்.டி. லைன் பத்தடி தள்ளி நின்றாலும் இழுத்துவிடும்" என்று. உண்மையில் 11 கே.வி. காற்றைத் தாண்டிப் பாய்வது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரம்தான். அப்படியானால் விதிகள் ஏன் 11 கே.வி.க்கு 2.6 மீட்டர், 33 கே.வி.க்கு 2.8 மீட்டர் என்று வேலை இடைவெளி கேட்கின்றன? காரணம் மனிதன்தான். கையை நீட்டுவோம், கால் வழுக்கும், தோளில் இருக்கும் பைப் திரும்பும், துணி காற்றில் பறக்கும். கை நீண்டு, கையில் இருக்கும் பொருளும் நீண்டாலும் லைனை எட்டக் கூடாது என்பதற்கான கணக்கு அது.

இந்தக் கட்டுக்கதையால் ஒரு கெடுதலும் உண்டு. பல தடவை பக்கத்தில் போய், இழுக்கவில்லை என்று கண்டுகொண்டவனுக்குப் பயம் மொத்தமாகப் போய்விடும். பிறகு அலுமினிய ஏணியை நிமிர்த்தித் தோளில் வைத்துக்கொண்டு யார்டுக்குள் நடப்பான். யார்டில் அலுமினிய ஏணிக்கு இடமே இல்லை. ஃபைபர் ஏணி அல்லது காய்ந்த மர ஏணி. அதையும் படுக்கவைத்து, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராக இடுப்புக்குக் கீழே பிடித்து எடுத்துப் போக வேண்டும்.

முதலில் படம்

நான் செய்ததுபோல நீங்களும் வரையுங்கள். மின்வாரிய லைன் வந்து சேரும் டபுள் போல், அதன் மேல் ஏ.பி. சுவிட்ச் (திறந்த காற்றில் பிளேடு விலகித் திறக்கும் சுவிட்ச்), இடிதாங்கி, மீட்டரிங் கியூபிக்கிள் (மீட்டர் பெட்டி), வி.சி.பி. (வேக்குவம் பிரேக்கர்), அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மருக்குக் கேபிள், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து எல்.டி. (குறைந்த அழுத்த) பேனல், கெபாசிட்டர் பேங்க், ஆலையின் பகுதிகளுக்குப் பிரிந்து போகும் ஃபீடர்கள். இவற்றோடு ஜெனரேட்டர், சோலார் இன்வர்ட்டர், யு.பி.எஸ்., வேறு டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்க்கும் பஸ் கப்ளர் எல்லாம் வர வேண்டும். அப்புறம் ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்து ஒரே கேள்வி: இங்கே எத்தனை வழியாகக் கரண்ட் வர முடியும்?

நான் ஜெனரேட்டரை மறந்ததன் அர்த்தம் இதுதான். நம் டிரான்ஸ்ஃபார்மர் 11,000-ஐ 433 ஆகக் குறைக்கிறது என்று படித்திருப்போம். அதே டிரான்ஸ்ஃபார்மருக்கு எல்.டி. பக்கமிருந்து கரண்ட் கொடுத்தால் 433-ஐ 11,000 ஆக ஏற்றும். விகிதம் சுமார் 25. எல்.டி. பக்கம் எப்படியோ 100 வோல்ட் கசிந்து வந்தாலும் எச்.டி. புஷ்ஷிங்கில் (டிரான்ஸ்ஃபார்மரில் லைன் சேரும் பீங்கான் முனை) 2,500 வோல்ட் நிற்கும். மின்வாரிய லைனை நிறுத்திவிட்டுப் புஷ்ஷிங்கைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, "மில்லுக்குள் இருட்டாக இருக்கிறதே" என்று யாரோ ஜெனரேட்டரைப் போட்டு, சேஞ்ச் ஓவரும் (மின்வாரியமா ஜெனரேட்டரா என்று மாற்றும் சுவிட்ச்) தவறான பக்கம் இருந்துவிட்டால், துடைப்பவரின் கையில் 11 கே.வி. வந்து நிற்கும். மீட்டரிங்கில் இருக்கும் பி.டி. (மீட்டருக்காக வோல்டேஜைக் குறைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) இன்னும் மோசம். அதன் விகிதம் 100. டெஸ்டிங்குக்காக அதன் செகண்டரியில் யாராவது 110 வோல்ட் கொடுத்தால் மேலே முழு 11 கே.வி. வந்துவிடும். அதனால்தான் பி.டி. செகண்டரி ஃபியூஸையும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வோம்.

உடம்பில் என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது

காட்டன் சட்டை, காட்டன் பேன்ட், முழுக்கை. பாலியெஸ்டர் வேண்டாம். ஆர்க் (காற்றில் பாயும் மின் நெருப்பு) அடித்தால் காட்டன் கருகும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஆஸ்பத்திரியில் அதைத் தோலோடுதான் உரிக்க வேண்டியிருக்கும். செயின், காப்பு, மோதிரம், மெட்டல் வாட்ச் எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வையுங்கள். செல்போனும் அங்கேயே இருக்கட்டும். ஹெல்மெட், முகக்கவசம், ஷூ என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரப்பர் கையுறையில் மட்டும் கொஞ்சம் நிற்கிறேன். அதன் விளிம்பில் கிளாஸ் எண் போட்டிருக்கும், நிறமும் இருக்கும். கிளாஸ் 2, மஞ்சள், 17,000 வோல்ட் வரை. கிளாஸ் 3, பச்சை, 26,500 வரை. கிளாஸ் 4, ஆரஞ்சு, 36,000 வரை. ஆகவே 11 கே.வி.க்கு மஞ்சள், 22 கே.வி.க்குப் பச்சை. சிவப்பு நிறம் 1,000 வோல்ட் வரைதான், அது எல்.டி.க்கு. ஒவ்வொரு முறை போடும் முன்னும் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்து அழுத்துங்கள். ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் கன்னத்தில் காற்று படும். படுகிறதா, அந்தக் கையுறையை வெட்டிக் குப்பையில் போடுங்கள். வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி ஷெல்ஃபில் வைத்துவிடுவார்கள், பார்த்திருக்கிறேன். நல்ல கையுறையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லேபில் டெஸ்டாகி வர வேண்டும். இந்தக் கையுறை சுவிட்சை இயக்கவும், டெஸ்டுக்கும் எர்த்துக்கும் வரும் நீண்ட ராடைப் பிடிக்கவும்தான். அதைப் போட்டுக்கொண்டு உயிருள்ள, அதாவது சப்ளை உள்ள, எச்.டி. கண்டக்டரைத் தொடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பேனல் முன் விரிக்கும் ரப்பர் மேட்டிலும் வகை உண்டு. ஐ.எஸ். 15652 படி 11 கே.வி.க்கு பி கிளாஸ், 2.5 மி.மீ.; 33 கே.வி.க்கு சி கிளாஸ், 3 மி.மீ. கடையில் கிடைக்கும் கறுப்பு ரப்பர் ஷீட்டெல்லாம் இன்சுலேட்டிங் மேட் ஆகிவிடாது.

நிறுத்தும் வரிசை

ஞாயிற்றுக்கிழமை டிரான்ஸ்ஃபார்மர் புஷ்ஷிங் சுத்தம் செய்யப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். டிரான்ஸ்ஃபார்மர் 500 கே.வி.ஏ. திறன், 11 கே.வி. என்று இருக்கட்டும். வேலை என்ன, எங்கிருந்து எதுவரை, யார் யார், எத்தனை மணி நேரம் என்று பெர்மிட்டில் எழுதிக் கையெழுத்தாக வேண்டும். ஏ.பி. சுவிட்சுக்கு மேல், அதாவது லைன் பக்கம், வேலை இருந்தால் மின்வாரியத்திடம் எல்.சி. (லைன் கிளியர், லைனை நிறுத்தித் தரும் அனுமதி) வாங்காமல் தொடவே கூடாது. அது நம் சொத்தும் இல்லை.

1. மில்லில் லோடு முழுக்க இறங்கட்டும். கெபாசிட்டரை முதலில் ஆஃப் செய்யுங்கள்.
2. எல்.டி. ஃபீடர்கள், பிறகு மெயின் ஏ.சி.பி. (எல்.டி. பக்க மெயின் பிரேக்கர்) ஆஃப். ஏ.சி.பி.யை வெளியே இழுத்து வையுங்கள்.
3. வி.சி.பி.யை ட்ரிப் செய்யுங்கள். டிராலியையும் (பிரேக்கர் உட்கார்ந்திருக்கும் சக்கர வண்டி) வெளியே இழுங்கள்.
4. அதற்குப் பிறகே ஏ.பி. சுவிட்ச்.
5. ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகாதபடி பேட்டரி வயரைக் கழற்றுங்கள். சோலார் இருந்தால் அதன் ஏ.சி. பிரேக்கரையும் ஆஃப் செய்து பூட்டுங்கள்.

இந்த வரிசையை மாற்ற முடியாது. 500 கே.வி.ஏ.வின் எச்.டி. பக்க முழு லோடு வெறும் 26 ஆம்பியர். "26 ஆம்பியர்தானே, ஏ.பி. சுவிட்சையே இழுத்துவிடலாம்" என்று தோன்றும். ஏ.பி. சுவிட்சில் ஆர்க்கை அணைக்க எதுவும் கிடையாது, சுற்றிலும் வெறும் காற்றுதான். லோடோடு திறந்தால் பிளேடு விலக விலக நெருப்பும் நீளும், பக்கத்துப் பேஸை (மூன்று லைன்களில் இன்னொன்றை) தொடும், அப்புறம் உங்கள் தலைக்கு மேல் ஷார்ட். லோடை வெட்டுவது வி.சி.பி.யின் வேலை. ஏ.பி. சுவிட்ச், வெட்டியாகிவிட்டது என்று காட்டுவதற்கு.

டிராலியை ஏன் வெளியே இழுக்கச் சொல்கிறேன்? வி.சி.பி.யின் கான்டாக்ட் மூடிய பாட்டிலுக்குள் இருக்கிறது. திறந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. பச்சை விளக்கு எரிகிறதே என்பீர்கள். விளக்குக்கு என்ன தெரியும்? அது ஒரு சின்ன ஆக்சிலரி கான்டாக்டைப் பார்த்து எரிகிறது. இன்னொன்று, வி.சி.பி.க்குள் சார்ஜ் ஆன ஸ்பிரிங் இருக்கும். கரண்ட் இல்லாவிட்டாலும் விரலை நசுக்க அது போதும்.

மூன்றாவது பிளேடு

அதே மில்லில், இரண்டாவது வருடம். ஏ.பி. சுவிட்ச் ஹேண்டிலை நான்தான் இறக்கினேன். நன்றாகவே இறங்கியது, மேலே 'டப்' என்று சத்தமும் கேட்டது. ஃபோர்மேன் கேட்டார்: "எத்தனை பிளேடு திறந்திருக்கு?" "மூணுண்ணே" என்றேன். "பார்த்துச் சொன்னியா, ஹேண்டிலை வெச்சுச் சொன்னியா?" காலை ஒன்பது மணி வெயில் நேரே கண்ணில். இரண்டடி நகர்ந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்துப் பார்த்தேன். ஆர் பேஸ் விரிந்திருந்தது. ஒய் பேஸ் விரிந்திருந்தது. பி பேஸ் பிளேடு கிளிப்புக்குள் அப்படியே உட்கார்ந்திருந்தது. மேலே படுக்கையில் ஓடும் ஷாஃப்டில் அந்த ஒரு பேஸின் கிளாம்ப் போல்ட் தளர்ந்து, ஷாஃப்ட் மட்டும் சுற்றியிருக்கிறது.

அன்றைக்கு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்.சி. வாங்கி, போல்டை முறுக்கிவிட்டு, மதியம்தான் டிரான்ஸ்ஃபார்மருக்கே போனோம். எதைத் திறந்தாலும் மூன்று பேஸையும் தனித்தனியாக, பெயர் சொல்லி, சத்தமாக எண்ண வேண்டும் என்பது அன்று முதல் எனக்குப் பழக்கம். உடன் இருப்பவரும் எண்ண வேண்டும். போனில் "கட் ஆகிவிட்டது" என்று யார் சொன்னாலும் அது செய்தி மட்டும்தான். கண்ணால் பார்த்தால்தான் கணக்கு. பிளேடு திறந்தபிறகும் சுவிட்சின் லைன் பக்க முனை உயிரோடுதான் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

பூட்டு, போர்டு

ஹேண்டிலில் பூட்டு. சாவி, வேலை செய்பவரின் பாக்கெட்டில்; மேசை டிராயரில் இல்லை, செக்யூரிட்டியிடமும் இல்லை. மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. "ஆட்கள் வேலை செய்கிறார்கள், சுவிட்ச் போடாதே" போர்டு தமிழில் இருக்கட்டும். வடக்கிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருக்கும் ஆலையில் இந்தியிலும் இருக்கட்டும்.

டெஸ்ட்

வீட்டில் பிளக் பாயின்ட்டில் குத்திப் பார்க்கும் ஸ்குரூடிரைவர் டெஸ்டரை யார்டு வாசலிலேயே விட்டுவிடுங்கள். எச்.டி.யில் அதைத் தொட்டவர் மறுபடி டெஸ்டர் வாங்கப் போவதில்லை. வேண்டியது நீண்ட இன்சுலேட்டட் ராடின் முனையில் மாட்டிய எச்.டி. டிடெக்டர், அதன் வோல்டேஜ் ரேஞ்ச் நம் லைனுக்குப் பொருந்த வேண்டும்.

மூன்று முறை டெஸ்ட். உயிரோடு இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் அல்லது அதற்கென்று வரும் டெஸ்ட் யூனிட்டில் முதலில் காட்டுங்கள். விளக்கும் பஸ்ஸரும் வர வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் மூன்று பேஸிலும். பிறகு மறுபடி முதல் இடத்தில். கடைசி டெஸ்ட் எதற்கு? நடுவில் டிடெக்டரின் பேட்டரி செத்திருந்தால், செத்தது டிடெக்டரா லைனா என்று தெரியாது. இன்னொரு எச்சரிக்கை: ஸ்கிரீன் (உலோகப் போர்வை) உள்ள எச்.டி. கேபிளின் மேலுறையில் வைத்தால் டிடெக்டர் பேசாது, உள்ளே 11 கே.வி. இருந்தாலும். திறந்த டெர்மினலில்தான் பார்க்க வேண்டும்.

எர்த்

டெஸ்ட் முடிந்ததா, கையை வைத்துவிடலாமா? இன்னும் இல்லை. கேபிளும் கெபாசிட்டரும் சப்ளை போனபிறகும் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். எச்.டி. கெபாசிட்டருக்குள் டிஸ்சார்ஜ் ரெசிஸ்டர் இருந்தாலும் ஆஃப் செய்து 10 நிமிடம் கழித்துத்தான் ராடு கொண்டு போக வேண்டும். கேபிளை 5 கே.வி. மெக்கரில் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) டெஸ்ட் செய்தால் டெஸ்ட் முடிந்ததும் எர்த் போட்டு, டெஸ்ட் செய்த நேரத்தைப்போலப் பல மடங்கு அப்படியே விட வேண்டும்.

டிஸ்சார்ஜ் ராடு (முனையில் கொக்கியும் எர்த்துக்குப் போகும் வயரும் உள்ள இன்சுலேட்டட் கம்பு) போடும் வரிசையைப் புதிதாக வருபவர்கள் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். முதலில் வயரின் எர்த் பக்கத்தை எர்த் ஃபிளாட்டில் (எர்த்துக்கு இறங்கும் உலோகப் பட்டை) இறுக்குங்கள், பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு. அதற்குப் பிறகு கையுறையோடு ராடைப் பிடித்துக் கொக்கியைப் பேஸில் மாட்டுங்கள்; மூன்று பேஸுக்கும் மூன்று ராடு. எடுக்கும்போது முதலில் பேஸ், கடைசியில் எர்த். மாற்றிச் செய்தால், பேஸில் மிச்சமிருந்த வோல்டேஜ் உங்கள் கையில் தொங்கும் வயரில் வந்து நிற்கும், அது இறங்கத் தேடும் பாதை நீங்கள்.

கரண்ட் வரக்கூடிய எல்லாப் பக்கமும் எர்த் வேண்டும். நம் உதாரணத்தில் எச்.டி. பக்கம் ஒரு செட், எல்.டி. பக்கம் ஒரு செட். அப்படியிருந்தால், ஜெனரேட்டரை யாரோ தவறிப் போட்டாலும் உங்களுக்கு முன் பிரேக்கர் விழும்.

வேலை நடக்கும்போது

எர்த் போட்ட பகுதியைச் சுற்றிச் சிவப்பு டேப் கட்டுங்கள். டேப்புக்கு வெளியே எல்லாம் உயிருள்ளது என்றே நினையுங்கள். தனியாக யாரும் வேலை செய்யக் கூடாது. ஒருவர் கீழே நின்று பார்க்க மட்டும் வேண்டும், அவர் கையில் ஸ்பேனர் கூட இருக்கக் கூடாது. உள்ளே போகும் ஸ்பேனர், துணி, நட்டு எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். மீட்டரிங்கில் கை வைக்க நேர்ந்தால், லைன் ஓடும்போது சி.டி. (மீட்டருக்காகக் கரண்டைக் குறைக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்) செகண்டரியைத் திறக்கவே கூடாது. திறந்தால் அந்தச் சின்ன டெர்மினலில் ஆளைக் கொல்லும் வோல்டேஜ் எழும்.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "எப்ப கரண்ட் வரும்?" என்று புரொடக்‌ஷனிலிருந்து கேட்பார்கள். அந்தப் போனை வேலை செய்பவரிடம் கொடுக்காதீர்கள். 

எல்.டி. பக்கத்தை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. நம் 500 கே.வி.ஏ.வின் எல்.டி. டெர்மினலில் ஷார்ட் ஆனால் ஏறத்தாழ 15,000 ஆம்பியர் பாயும். 433 வோல்ட்தானே என்று திறந்த பேனலில் ஸ்பேனரைத் தவறவிட்டு முகம் கருகியவர்கள் உண்டு.

ஆயுத பூஜையையும் சொல்லியாக வேண்டும். பேனலுக்குச் சந்தனம், குங்குமம் வைப்பதில் தவறில்லை. ஆனால் முதல்நாள் யார்டைக் கழுவ ஹோஸைத் திருப்புவது, டபுள் போலில் வாழைக்கன்று கட்டுவது, வேலிமேல் ஏறி மாவிலைத் தோரணம் வீசுவது எல்லாம் ஷட்டவுன் இல்லாமல் நடக்கும். பச்சை வாழைக்கன்று முழுக்கத் தண்ணீர். பூஜையை யார்டு கேட்டுக்கு வெளியே வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

திரும்பக் கொடுப்பது

ஆட்களை எண்ணுங்கள், சாமான்களை எண்ணுங்கள். ராடுகளை எடுங்கள், போட்டது ஆறு என்றால் ஆறும் வெளியே வந்ததா? எர்த் மறந்து லைன் போட்டால் நேரே ஷார்ட். எல்லோரும் தங்கள் பூட்டைத் தாங்களே திறக்க வேண்டும். பெர்மிட் முடிந்ததாகக் கையெழுத்து. பிறகு ஏ.பி. சுவிட்ச், வி.சி.பி., ஏ.சி.பி., ஃபீடர், கடைசியில் கெபாசிட்டர். ஏ.பி. சுவிட்சை மூடும்போதும் திறக்கும்போதும் ஒரே வீச்சு. பாதியில் தயங்கி நிறுத்தாதீர்கள்.

அடிபட்டால்

எல்.டி.யில் ஒருவர் ஒட்டிக்கொண்டால் காய்ந்த கட்டையால் தள்ளலாம் என்று படித்திருப்போம். எச்.டி.யில் கட்டை உதவாது. சப்ளை போய், அது உறுதியான பிறகுதான் கிட்டே போக வேண்டும். கீழே விழுந்த லைனிலிருந்து குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஏற்கெனவே அருகில் நின்றிருந்தால் ஓட வேண்டாம். ஓடினால் இரண்டு கால்களுக்கு நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் வரும். இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் சிறிது சிறிதாக நகர்த்தி வெளியேறுங்கள்.

மூச்சில்லை என்றால் மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 முதல் 6 செ.மீ. ஆழம். 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். பழகியிராவிட்டால் அழுத்தினால் மட்டும் போதும், நிறுத்த வேண்டாம். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லைண்ணே, டீ குடிச்சா சரியாயிடும்" என்று சொல்பவரையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும். வெளியே தெரிவது உள்ளங்கையில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, பாதத்தில் இன்னொன்று. நடுவில் கரண்ட் போன வழியில் தசை வெந்திருக்கும். அது சிறுநீரகத்தைத் தாக்கும், இதயத் துடிப்பும் தடம் மாறலாம். "11,000 வோல்ட் அடித்தது" என்பதைச் சீட்டு போடும் இடத்திலேயே சொல்லுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், சிறுநீர் டீ நிறத்தில் போனால் அதை உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.